ஐப்பசி மழைக்குக் கொள்ளுச் சாறு கேட்கிறார், கிட்னிப் பத்தியத்தில் என்ன செய்வது?

19 அக்டோபர் 2024, காலை (கேள்வி)

ஆத்தூர்ப் பக்கம் இருக்கிறோம். மாமனாருக்கு 68 வயது. கிட்னி நான்காம் கட்டம், டயாலிசிஸ் இன்னும் ஆரம்பிக்கவில்லை. உப்பு, பொட்டாசியம், புரதம் மூன்றையும் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மழை பிடித்ததிலிருந்து கொள்ளுச் சாறும் கொள்ளுப் பருப்பும் வேண்டும் என்று பிடிவாதம். மூன்று நாளாகச் சுரைக்காய்க் கூட்டைத் தொடவில்லை. குளிருக்கு இதமாக, வயிறு நிறைகிற மாதிரி ஏதாவது வழி உண்டா? சப்பாத்தி என்று மட்டும் சொல்லாதீர்கள், தட்டைத் தள்ளிவிடுகிறார்.

19 அக்டோபர், இரவு

எங்கள் வீட்டுக் கதையேதான். அப்பாவுக்கு 74, அதே நான்காம் கட்டம். ஏற்காட்டில் இருக்கிறோம், காபித் தோட்டத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். இங்கே இப்போது மத்தியானம் மூன்று மணிக்கே மேகம் இறங்கி வாசல் தெரிவதில்லை. இந்தக் குளிரில் சுரைக்காய்க் கூட்டு வைத்தால் எனக்கே கோபம் வரும்.

முதலில் ஒன்று: கொள்ளு வேறு, கொள்ளுச் சாறு வேறு. பொட்டாசியம் தண்ணீரில் கரைந்து இறங்கும் சமாச்சாரம். கொள்ளை வேகவைத்து வடித்தால் அதில் பெரும் பங்கு வடித்த தண்ணீருக்குப் போய்விடும். அந்தத் தண்ணீரைத்தான் நாம் தாளித்து, மிளகு சீரகம் தட்டிப் போட்டுச் சாறு என்று குடிக்கிறோம். ஆகவே சாறு கிடையாது. வடித்த கொள்ளை ஒரு கைப்பிடிக்குள் வைத்துக்கொண்டு கடைந்து கொடுக்கலாம். ராத்திரி முழுக்க ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டினாலே பாதிக் கவலை தீரும்.

20 அக்டோபர்

நேற்று எழுதிய கடைசி வரியை அடித்துக்கொள்ளுங்கள். வெறுமனே ஊறப்போடுவதால் பெரிதாக ஒன்றும் இறங்காது. பயறாவது ஊறினால் கொஞ்சம் விடும். கிழங்கும் காயும் பச்சைத் தண்ணீரில் எத்தனை மணி நேரம் கிடந்தாலும் அப்படியேதான் இருக்கும். கொதிக்க வேண்டும். நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, கொட்டி, மறுபடி புதுத் தண்ணீரில் வேகவிட்டு, அதையும் கொட்ட வேண்டும். துண்டு சின்னதாக இருந்தால்தான் இறங்கும். நான் முதல் ஆறு மாதம் உருளைக்கிழங்கை முழுசாக ஊறப்போட்டு, ஏதோ சாதித்துவிட்ட மாதிரி பொரியல் பண்ணிக்கொண்டிருந்தவன்.

22 அக்டோபர்

அம்மாவிடம் இதைப் புரியவைத்த கதையைச் சொல்ல வேண்டும். கொள்ளு வடித்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டார். "சத்தெல்லாம் அதுலதான்டா இருக்குது" என்றார். அவர் சொன்னது சரி, அதனால்தான் கொட்டுகிறோம் என்றேன். இப்படிப் பேசினால் எந்த அம்மாவுக்கு விளங்கும்? நம் பக்கத்துச் சமையல் முழுக்க வெந்த தண்ணீரைச் சுற்றித்தான் ஓடுகிறது. பருப்பு வெந்த தண்ணீர் ரசத்துக்கு, கீரை வெந்த தண்ணீர் பிள்ளைக்கு, சோறு வடித்த கஞ்சி உப்புப் போட்டுக் காலையில் குடிக்க. அந்த வீட்டில் போய் வடித்துக் கொட்டு என்றால் அது சாபம் மாதிரிதான் கேட்கும்.

ஒரு வாரம் கழித்து அவரே வழியைக் காட்டினார். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வேகவைத்துக்கொண்டிருந்தார். வெந்ததும் தண்ணீரை யோசிக்காமல் கொல்லையில் கொட்டினார். "இது மட்டும் ஏன்?" என்றேன். "கிழங்குத் தண்ணி ஆகாது, மாட்டுக்குக்கூட வெக்கக் கூடாது" என்றார். உண்மைதான், குச்சிக்கிழங்கில் சயனைடு சேர்மம் இருக்கிறது, அதனால்தான் தலைமுறை தலைமுறையாகக் கொட்டுகிறோம். "அப்பாவுக்கு எல்லாமே குச்சிக்கிழங்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். அன்றோடு சண்டை முடிந்தது. ஆத்தூரில் குச்சிக்கிழங்குக்கு என்ன பஞ்சம், உங்கள் மாமியாரிடமும் இதையே சொல்லிப் பாருங்கள்.

23 அக்டோபர்

குக்கரில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கொதி திறந்த பாத்திரத்தில், இரண்டாவது குக்கரில். நீங்கள் கீழே இருக்கிறீர்கள், உங்களுக்குக் கவலை இல்லை. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், கொள்ளு வேகாமல் கல் மாதிரி கிடக்கும். குக்கர் தண்ணீரையும் கொட்ட மறக்காதீர்கள். நான் மறந்திருக்கிறேன்.

27 அக்டோபர்

உப்பு. இதைத் தனியாக எழுதவேண்டும், ஏனென்றால் இதில்தான் நான் அப்பாவைக் கிட்டத்தட்ட ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தேன்.

போன வருஷம் சேலம் போனபோது ஒரு கடையில் 'சோடியம் குறைவு' என்று பெரிய எழுத்தில் போட்ட உப்புப் பாக்கெட் பார்த்தேன். விலை மூன்று மடங்கு. மகன் என்ற பெருமையோடு இரண்டு பாக்கெட் வாங்கி வந்து மூன்று வாரம் எல்லாவற்றிலும் போட்டேன். அப்பாவுக்கு ருசியும் பிடித்திருந்தது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 6.1. ஐந்தைத் தாண்டினாலே புருவத்தை உயர்த்துகிற டாக்டர், ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லிவிட்டு என்னென்ன சாப்பிட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் இளநீர் இல்லை, வாழைப்பழம் இல்லை, கீரை இல்லை என்று அடுக்கிக்கொண்டே போனேன். உப்பைப் பற்றி அவராகக் கேட்ட பிறகுதான் சொன்னேன். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தீர்களா என்றார். பின்னால் எறும்பு எழுத்தில் பொட்டாசியம் குளோரைடு. சோடியத்தைக் குறைத்த இடத்தில் அதைத்தான் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். ரத்தக் கொதிப்பு மட்டும் உள்ளவருக்கு அது நல்ல உப்பாக இருக்கலாம், கிட்னி கெட்டவருக்கு ஆகாது.

இந்துப்பு மாற்றாகாதா என்று யாராவது கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், அதுவும் சோடியம் குளோரைடுதான், நிறம் வேறு, விலை வேறு. சாதாரண உப்பையே குறைத்துப் போடுவதுதான் வழி. உலக சுகாதார நிறுவனம் நல்ல உடம்புக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது, அது ஒரு டீஸ்பூன்கூட வராது. நான் வேகும்போது உப்பே போடுவதில்லை. தட்டில் வைத்த பிறகு மேலாகத் தூவுகிறேன். நாக்கில் முதலில் படுவது உப்பு என்பதால் குறைந்தது தெரிவதில்லை. அப்பா கண்டுபிடித்துவிட்டார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

1 நவம்பர்

தீபாவளி முடிந்தது. பக்கத்து வீட்டிலிருந்து அதிரசம், முறுக்கு, கூடவே ஒரு செம்பு வாழைத்தண்டுச் சாறு. கிட்னிக்கு நல்லதாம், வாட்ஸ்ஆப்பில் வந்ததாம். கல் இருப்பவருக்குச் சொன்னதை கிட்னி சுருங்கியவருக்கும் சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள். வாழைத்தண்டில் பொட்டாசியம் நிறைய. வாங்கி வைத்துக்கொண்டு நான் குடித்தேன். மலைப் பக்கம் விளிம்பிப் பழம், அதாவது நட்சத்திரப் பழம், யாராவது கொடுத்தால் அதைத் தூரத்திலேயே நிறுத்துங்கள், கிட்னி நோயாளிக்கு அது நேராக மூளையைத் தாக்கும் விஷம், விக்கலில் ஆரம்பித்து வலிப்பு வரைக்கும் போகும்.

எங்கள் வீட்டுக் காமெடி ஒன்று. ஊரே வெள்ளை அரிசி விஷம், வெள்ளைச் சர்க்கரை விஷம் என்கிறது. போன வருஷம், 2023, உலகச் சிறுதானிய ஆண்டு என்று திரும்பின பக்கமெல்லாம் சாமையும் கேழ்வரகும். அப்பாவுக்கு எல்லாம் தலைகீழ். தவிடு போகாத தானியத்தில் பொட்டாசியமும் பாஸ்பரசும் அதிகம், அதனால் தீட்டின வெள்ளை அரிசி. வெல்லத்தில் பொட்டாசியம், அதனால் வெள்ளைச் சர்க்கரை. அண்ணி ஒருமுறை வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "பெரியவரைக் கொல்லப் பாக்கறீங்களா?" என்றார்.

ஜவ்வரிசியும் இந்த வெள்ளைக் கட்சிதான். யுத்தக் காலத்தில் சிங்கப்பூர், மலேயா சரக்கு நின்றபோது குச்சிக்கிழங்கிலிருந்து எடுக்கலாம் என்று சேலத்தில் ஆரம்பித்த தொழில், 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. கிழங்கை அரைத்து, கழுவி, மாவு மட்டும் எடுப்பதால் புரதம் கிட்டத்தட்ட இல்லை, பொட்டாசியமும் பெயருக்குத்தான். எடை குறைகிறது, சாப்பிடமாட்டேன் என்கிறார் என்றால் ஜவ்வரிசிக் கஞ்சி நல்ல துணை. ஜவ்வரிசி வடகம் மட்டும் கடையில் வாங்காதீர்கள், உப்புக் கரிக்கும்.

2 நவம்பர்

மேலே எழுதியதற்கு ஓமலூரிலிருந்து ஒருவர் திட்டியிருக்கிறார், நியாயமான திட்டு. அவர் அம்மாவுக்குச் சர்க்கரையும் இருக்கிறது. சர்க்கரை உள்ளவருக்கு ஜவ்வரிசியும் வெள்ளைச் சர்க்கரையும் ஆகாது. அப்பாவுக்குச் சர்க்கரை இல்லை, அந்தத் தைரியத்தில் எழுதிவிட்டேன். இன்னொன்று, டயாலிசிஸ் ஆரம்பித்தவர்களுக்குப் புரதக் கணக்கே மாறிவிடும், குறைக்கச் சொன்னவர்களே கூட்டச் சொல்வார்கள். அதனால் நான் எழுதுவதை உங்கள் கடைசி ரத்த ரிப்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

9 நவம்பர்

கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். வடித்த கொள்ளைக் கடைந்து கொடுத்தாராம், மாமனார் ஒரு வாய் வைத்துவிட்டு "இது கொள்ளு இல்ல, கொள்ளோட பொணம்" என்றாராம். சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். எங்கள் வீட்டிலும் இதே தீர்ப்புதான் வந்தது, வார்த்தை மட்டும் கொஞ்சம் மரியாதையாக இருந்தது.

இரண்டு தரம் வடித்த பிறகு அதில் மணம் என்று ஒன்றும் மிஞ்சாது. ருசியைத் தண்ணீரில் தேடக் கூடாது, வறுப்பதில் தேட வேண்டும் என்று எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது. கொள்ளைச் சட்டியில் வெறுமனே வறுத்தால் ஒரு கட்டத்தில் படபடவென்று துள்ளும், நிறம் செம்மண் மாதிரி ஆகும், மழை நனைந்த வைக்கோல் காய்கிற வாசம் கிளம்பும். அதில் ஒரு டீஸ்பூன் அளவு மட்டும் தனியே எடுத்து, வேகவைக்காமல் பொடித்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை வழக்கம்போல் இரண்டு தரம் வடியுங்கள். கடைசியில் இறக்கும்போது அந்தப் பொடியைத் தூவுங்கள். நாலைந்து கிராம் பொடியில் என்ன பொட்டாசியம் வந்துவிடும்? வாசம் மட்டும் வீடு முழுக்க வரும்.

17 நவம்பர்

முழுசாக எழுது, எழுது என்று நாலு பேர் கேட்டாகிவிட்டது. இந்த மழைக்கு நான் வைப்பது இதுதான், பெயரெல்லாம் இல்லை, அம்மா 'கிழங்குக் கொழம்பு' என்கிறார்.

குச்சிக்கிழங்கு ஒருவருக்கு 150 கிராம் போல. மேல் தோலோடு உள்ளே இருக்கிற இளஞ்சிவப்புப் பட்டையையும் உரித்துவிட வேண்டும், நடுவில் ஓடும் நரம்பையும் உருவிவிட வேண்டும். சுண்டுவிரல் கனத்துக்கு நறுக்கி, கிழங்கு மூழ்கி நாலு விரல் தண்ணீர் மேலே நிற்கிற மாதிரி வைத்துப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டுக் கொட்டுங்கள். பிறகு புதுசாக வெந்நீர் ஊற்றி, கிழங்கு வாய் பிளக்கும் வரை வேகவிட்டு அதையும் கொட்டுங்கள். பாதியை மத்தால் மசியுங்கள், பாதி துண்டாகவே இருக்கட்டும். அந்த மசியல்தான் குழம்புக்குக் கெட்டி, பருப்பும் தேங்காயும் இல்லாத குறையை அதுதான் மறைக்கிறது.

கடலை எண்ணெய் தாராளமாக, மூன்று ஸ்பூன். எண்ணெயில் அப்பாவுக்குத் தடை இல்லை, எடை குறைகிறவருக்கு அதுதான் தெம்பு. கடுகு, இரண்டு வரமிளகாய், கறிவேப்பிலை, நறுக்கின சின்ன வெங்காயம் ஐந்து. வெங்காயம் ஓரம் கருகுகிற வரைக்கும் விடுங்கள், அவசரப்படாதீர்கள். மிளகு, சீரகம், கொத்தமல்லி விதை வறுத்து, நாலு பல் பூண்டோடு அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டிப் போடுங்கள். மிளகு இங்கே சில்வர் ஓக் மரத்தில் ஏறினது, கையைக் கடித்துக்கொள்ளாமல் போடுவேன். உப்பு குறைந்த இடத்தில் நாக்குக்கு வேலை கொடுப்பது மிளகும் புளிப்பும்தான். புளி, தக்காளி இரண்டையும் விட்டுவிட்டேன், எலுமிச்சை அரை மூடி கடைசியில். இதில் கிழங்கு, வடித்த கொள்ளு இரண்டு ஸ்பூன், சுடுதண்ணீர் ஒரு டம்ளர். ஒரு கொதி. இறக்கி, கொள்ளுப் பொடி.

சோற்றுக்குப் போட்டுக்கொள்ளலாம். அப்பா கிண்ணத்தில் ஊற்றி அப்படியே கரண்டியால் சாப்பிடுகிறார். தண்ணீருக்கும் அளவு சொல்லியிருந்தால் குழம்பில் ஊற்றின டம்ளரையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.

18 நவம்பர்

அரசாணிக்காய், அதாவது மஞ்சள் பூசணி, சேர்க்கலாமா? வேண்டாம். பார்க்கச் சாது, பொட்டாசியம் ஜாஸ்தி. பெருங்காயம்? தாராளமாக.

3 டிசம்பர்

மூன்று நாளாக மின்சாரம் இல்லை, இப்போதுதான் போன் உயிர் வந்தது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த கையோடு இங்கே கொட்டின மழையை அப்பாவே பார்த்ததில்லை என்கிறார். மலைப்பாதையில் மண் சரிந்து கிடக்கிறது, சேலத்திலிருந்து காய் வரவில்லை. குச்சிக்கிழங்கு தீர்ந்துவிட்டது. வீட்டில் இருந்தது வேலியில் படர்ந்த சௌசௌ மட்டும்.

சௌசௌவில் இயல்பாகவே பொட்டாசியம் குறைவு, ஒரு தரம் வடித்தாலே போதும். ஆனால் அதற்குக் கெட்டியும் கிடையாது, வயிறும் நிறையாது. இரண்டு கை ஜவ்வரிசியை ஊறவைத்து அதோடு சேர்த்து வேகவிட்டேன். கண்ணாடி மாதிரி ஆகி, குழம்பு கொழகொழவென்று நின்றது. பேத்தி எட்டிப் பார்த்து "தவளை முட்டை" என்று ஓடிப்போனாள். அப்பா இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் சரியாகத் தெரியாததும் காரணமாக இருக்கலாம். நிதானமாக யோசித்தால், கிழங்குக் குழம்பைவிட இதுதான் அவர் உடம்புக்குப் பாதுகாப்பு. ருசிக்குக் கிழங்குதான், அதை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

14 டிசம்பர்

நேற்று தீபம். பொரி உருண்டையை வெல்லத்துக்குப் பதில் சர்க்கரைப் பாகில் பிடித்தோம், கையில் ஒட்டவேயில்லை, உதிர்ந்து பொரியாகவே சாப்பிட்டார். புதன்கிழமை எடுத்த ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 4.9. கிட்னி எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இருந்த இடத்திலேயே இருக்கிறது, அது போதும்.

ஆத்தூர் மாமனாரும் கிழங்குக் குழம்புக்கு வந்துவிட்டாராம், ஆனால் சாறு எங்கே என்று இன்னும் கேட்கிறாராம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் வீட்டில் அந்தச் சாறு எங்கே போகிறது என்பது மட்டும் நேற்று ராத்திரி தெரிந்தது. விளக்கை உள்ளே எடுத்து வைக்கப் போனேன், அடுக்களைக் கதவு சாத்தியிருந்தது. திறந்தால் அம்மா முக்காலியில் உட்கார்ந்து டம்ளரில் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருக்கிறார். கொள்ளு வடித்த தண்ணீர், மிளகு தட்டிப் போட்டு, உப்பு தாராளமாக. ஒன்றரை மாதமாக நான் கொல்லையில் கொட்டச் சொல்லிவிட்டு வந்ததெல்லாம் இப்படித்தான் போயிருக்கிறது. அவர் உடம்புக்கு ஒன்றுமில்லை, குடிக்கட்டும். "அப்பாவுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாரு, கதவைச் சாத்து" என்றார்.

சாத்திவிட்டு வந்தேன். அப்பா கம்பளியைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டு படுத்திருந்தார். கண்ணைத் திறக்காமலே, "இன்னைக்கு மொளகு கொஞ்சம் கம்மியாப் போட்டுட்டா போல" என்றார்.